அப்பா கடலோரத்தில் நட்ட செவ்வரத்தை

அப்பாவின் கைகளில் எப்போதும் ஜவேல் மணக்கும். எத்தனை தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் போகாத அந்த வெளுப்புத் திரவத்தின் நெடி, அவர் என் தலையைத் தடவும்போது கண்ணைக் கரிக்கும். விரலிடுக்குகளில் தோல் உரிந்து, ஊறிய கடதாசிபோல வெள்ளையாகச் சுருங்கியிருக்கும். ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துக்குக் கிட்ட ஓர் உணவகத்தின் நிலவறையில் அவர் பல வருடங்களாகப் "பிளோஞ்" அடித்தார். கோப்பை கழுவும் வேலைக்கு, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், பிரெஞ்சிலிருந்து எடுத்து எங்கள் ஆட்கள் சொல்லும் பெயர் அது. ஜன்னலே இல்லாத அந்த அறையிலிருந்து ஏறி வந்தால் சாப்பிடுவார், படுப்பார். எனக்கு ஒன்பது வயதாகும்வரை அப்பா தொடர்ந்து நான்கு வசனம் பேசி நான் கேட்டதாக நினைவில்லை.

எங்கள் வீடு லாச்சப்பலில், நான்காம் மாடியில், இரண்டு அறைகள். குசினி ஜன்னலோரத்தில் அம்மா ஒரு செவ்வரத்தை வளர்த்தாள். எங்கள் ஊரான மன்னாரில் வேலிக்கு வேலி நிற்கும் மரம், இங்கே ஒரு சாடிக்குள் என் இடுப்பளவில் நின்றது. எப்போதாவது பூக்கும் ஒற்றைச் சிவப்புப் பூவை அம்மா மாதா சுருவத்தின் காலடியில் வைப்பாள். கார்த்திகை பிறந்தால் இலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கும். அம்மா சாடியை இழுத்து வெப்பக் குழாயின் பக்கத்தில் வைத்து, "செத்துப் போகாதை" என்று அதனிடம் சொல்லுவாள்.

அப்பாவுக்கு வேறு வேலை ஒன்று இருக்கிறது என்று மாதா கோவிலில் பழக்கமான ஒருவர் சொன்னார். மேற்கே பிரெத்தாஞ் கடற்கரையில் ஒரு பெரிய வீடு, மதில் சூழ்ந்த தோட்டம், அதைப் பார்க்கும் மிஸ்யே லூக் என்ற முதிய தோட்டக்காரருக்கு ஒரு கையாள் தேவை, தங்குவதற்கு வண்டிக் கொட்டகையின் மேல் இரண்டு அறைகளும் உண்டு. அப்பா ஒரே கிழமையில் வெளிக்கிட்டார். அம்மா அசையவில்லை. "அங்கை ஆரோடை கதைக்கிறது? பூசைக்கு எங்கை போறது? இஞ்சை பக்கத்திலை ஸ்தேனிலை இருக்கிற அக்காவை எப்ப காணுறது?" என்று கேட்டாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "இதைக் கொண்டுபோங்கோ. அங்கை வெளியிலை ஒரு குளிர் தாங்கட்டும். தாங்கினால் நாங்களும் வாறம்."

அப்பா செவ்வரத்தையை மடியில் வைத்துக்கொண்டு மொம்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் தொலைபேசியில் வந்த குரல் நான் அறியாத ஒரு மனிதருடையது. தெற்குப் பார்த்த கல்மதில் பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்து இரவில் திருப்பித் தருமாம். வேர் ஈரத்தில் நின்றால்தான் குளிர் கொல்லும், அதனால் குழிக்குள் சரளைக்கல் போட்டாராம். வசந்தத்தின் கடைசியில் நட்டால்தான் குளிருக்கு முன் வேர் பிடிக்குமாம். உறைபனியைவிடக் கடலிலிருந்து வரும் உப்புக் காற்றுத்தான் இலையைக் கருக்குமாம், அதற்கு முன்னால் ஒரு வேலிச்செடி வேண்டுமாம். மாசி மாதத்திலே அங்கே மிமோசா மஞ்சளாகக் கொட்டுகிறது, கமேலியா பூத்து நிற்கிறது என்று அவர் சொல்ல, அம்மா தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுக் கறியைக் கிளறப் போய்விடுவாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவர் பேச்சின் நடுவே விசிலடித்தார்.

மிஸ்யே லூக்குக்கு நம்பிக்கை இருக்கவில்லை. செவ்வரத்தை இவ்வளவு வடக்கே வெளியில் நின்று தான் கண்டதில்லை என்றாராம். ஆனாலும் அந்தக் குளிர்காலம் மென்மையாகக் கழிந்தது. வைக்கோலும் வெள்ளைத் துணியுமாக அப்பா சுற்றிக் கட்டிய செடி இலையெல்லாம் உதிர்த்து, சித்திரையில் துளிர்த்து, ஆடியில் ஏழு பூப் பூத்தது. அப்பா படம் அனுப்பினார். அம்மா அதை நெடுநேரம் பார்த்தாள். "ஒரு வருசத்திலை என்ன தெரியும்? இன்னொரு குளிரும் பாப்பம்" என்றாள்.

இரண்டாம் குளிர்காலத்தில், மாசி விடுமுறைக்கு நாங்கள் அங்கே போனோம். அப்பா நிலையத்தில் காத்து நின்றார். முகம் வெயிலில் கறுத்திருந்தது, கைகள் மண்ணிறமாக, காய்த்து, தோல் உரியாமல் முழுமையாக இருந்தன. எனக்கென்று ஓர் அறைக்கு மஞ்சள் வர்ணம் பூசியிருந்தார். அடுத்த நாள் என்னை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் காட்டக் கூட்டிப்போனார். விடுமுறையென்பதால் மூடியிருந்த படலையின் கம்பிகளுக்கூடாக வெறும் முற்றத்தைப் பார்த்தோம். "புரட்டாசியிலை இஞ்சைதான் நீ படிக்கப்போறாய். இடம் கேட்டு வைச்சிருக்கிறன்" என்றார்.

லாச்சப்பலில் என் வகுப்பில் நிரோஜா இருந்தாள். ஒரே பாணைப் பிய்த்துத் தின்று, ஒரே மேசையில் இருந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே பாண் கடையில் நின்ற இரண்டு பிள்ளைகள் என்னைப் பார்த்தபடியே இருந்தார்கள், நான் வெளியே வந்த பிறகும் கண்ணாடிக்கூடாகப் பார்த்தார்கள். கடல் சாம்பல் நிறமாக இரைந்துகொண்டிருந்தது. அந்த ஒரு கிழமையும் அம்மா சமைத்தாள், துடைத்தாள், எதைப் பற்றியும் ஒரு குறையும் சொல்லவில்லை. அவள் மனம் மாறிவிட்டதென்று நினைத்துப் பயந்தேன்.

நாங்கள் திரும்பும் நாள் பின்னேரம் வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்து காற்று நின்றுவிட்டது. அப்பா செவ்வரத்தையைச் சுற்றிப் புது வைக்கோல் திணித்து, இரண்டு மடிப்புத் துணி சுற்றி, கயிறு போட்டு இறுக்கினார். "இண்டைக்கு மைனஸ் ஏழாம். இதைத் தாண்டிட்டுதெண்டால் பிறகு பயமில்லை, பிள்ளை. கொம்மாவும் ஓமெண்டிடுவா" என்றார். பிறகு எங்களை நிலையத்துக்குக் கொண்டுபோவதற்காக மிஸ்யே லூக்கின் காரை எடுக்கப் போனார்.

நான் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு இறுக்கமாக இருந்தது, பல்லாலும் இழுத்தேன். துணியை உருவி வேலிச்செடியின்மேல் எறிந்தேன், வைக்கோலைக் காலால் இழுத்துச் சிதறினேன். உள்ளே சின்னச் சின்னப் பச்சை இலைகளோடு அது நின்றது. கார் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடிப்போய்ப் பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டேன். அப்பா இருட்டும் முன் எங்களைச் சேர்ப்பிக்கும் அவசரத்தில் தோட்டத்துப் பக்கம் திரும்பவில்லை. பிரியும்போது என்னைத் தூக்கிக் கொஞ்சினார்.

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. நான்தான் எடுத்தேன்.

"அண்டைக்கு இருட்டிலை வந்து படுத்திட்டன், விடியத்தான் கண்டனான். துணி காத்திலை பறந்துபோய் வேலியிலை கிடந்தது, பிள்ளை. என்ரை முடிச்சுத்தான் பிழைச்சுப்போச்சு."

அன்றைக்குக் காற்றே வீசவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வேறு என்ன காரணத்தை அவரால் நினைத்திருக்க முடியும்?

இலைகள் கறுத்து, கொப்புகள் மெழுகுபோல் தொய்ந்துவிட்டன. குளிர் பட்டதை உடனே வெட்டக்கூடாது, வேரிலிருந்து முளைக்கக்கூடும் என்று மிஸ்யே லூக் சொன்னதை நம்பி அப்பா வைகாசி கடைசிவரை காத்திருந்தார். கிழமைக்கொரு தடவை நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பாராம், உள்ளே பச்சை இல்லை, எங்கும் மண்ணிறம். அம்மா தொலைபேசியில், "செத்ததை ஏன் பாத்துக்கொண்டிருக்கிறியள்? வாங்கோ" என்றாள். இலையுதிர் காலத்தில் அப்பா ஒற்றைப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். அடுத்த திங்கட்கிழமை நிலவறைக்கு இறங்கினார்.

பிறகும் ஏழு வருடம் இருந்தார். ஒரு முறையும் விசிலடிக்கவில்லை. மாரடைப்பு வந்து மருத்துவமனையில் கிடந்தபோது, எனக்குப் பதினெட்டு வயது, கட்டிலருகே தனியாக இருந்தேன். எதிலிருந்தோ பேச்சு அங்கே போனது. "இன்னொரு முடிச்சுப் போட்டிருக்கலாம்" என்றார், அப்போதும் அதே யோசனையோடு. நான் வாயைத் திறந்தேன். தாதி வந்து ஊசிக் குழாயைச் சரிசெய்தாள். அவள் போன பிறகும் நான் சொல்லவில்லை. மறுகிழமை அவர் இல்லை.

போன கோடையில் அந்தக் கடற்கரைக்குத் தனியாகப் போனேன். வீடு விற்கப்பட்டு, தோட்டம் இருந்த இடத்தில் விடுமுறைக் குடியிருப்புகள் எழும்பியிருக்கின்றன. மிமோசா இல்லை, மதில் இல்லை; கார்கள் நிறுத்தும் இடத்தில் வெள்ளைக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். மிஸ்யே லூக்கைப் பற்றிக் கேட்க யாரையும் எனக்குத் தெரியாது.

அம்மா இப்போது திரான்சியில் இருக்கிறாள். ஞாயிறு பூசை முடிந்து நான் போவேன். சோறு சாப்பிட்டபடி அப்பாவைப் பற்றிக் கதைப்போம், அது எங்கள் வழக்கமாகியிருந்தது. கடற்கரையிலிருந்து திரும்பிய கிழமை, என் வாழ்நாளில் முதல் தடவையாக, நான் செய்ததை அவளிடம் சொன்னேன்.

அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"கண்டனான்" என்றாள். "மேலை ஜன்னலுக்கை நிண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"பிறகேன் இறங்கி வந்து கட்டேல்லை?"

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். "எனக்கும் அங்கை இருக்க ஏலாது, பிள்ளை" என்றாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். சாப்பிடுகிறோம், தொலைக்காட்சி பார்க்கிறோம். அப்பாவைப் பற்றி நாங்கள் இருவரும் பேசுவதில்லை.