இன்ஸ்பெக்டர் வேஷம் யாருக்கு

அந்தப் பழைய கொலைப் படத்தை எங்கள் கரும்பு வெட்டும் கோஷ்டியில் பார்க்காதவர் கிடையாது. கறுப்பு வெள்ளைப் படம். பெரிய பங்களா, வளைந்த மாடிப்படி, விடாத மழை. ஜமீன்தார் செத்துக் கிடப்பார். பழி தோட்டக்காரன் மேல் விழும். கடைசியில் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து நீளமாகப் பேசி, குடும்ப வக்கீல்தான் கொலைகாரர் என்று கையை நீட்டுவார். மதிய நேரத்தில் டிவியில் திரும்பத் திரும்பப் போட்டதால் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். திருப்பூரில் பனியன் கம்பெனி, பெங்களூரில் வீட்டு வேலை, அப்புறம் செங்கல் சூளை என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒரே இடத்தில் ரொம்ப நாள் இருக்க என்னால் முடியாது. அந்தப் பருவத்துக்குத் தியாகதுருகம் பக்கம் கரும்பு வெட்ட வந்து சேர்ந்தேன். ஆண்கள் அடியோடு வெட்டிப் போடுவார்கள். பெண்கள் கரும்பின் காய்ந்த தோகையை, அதாவது சோகையை, உரித்துக் கட்டுவோம். பிறகு எல்லோரும் சேர்ந்து டிராக்டரில் ஏற்றுவோம். சோகை கழுத்தையும் கையையும் அறுக்கும், குளிக்கும்போது எரியும். மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டித் தங்கியிருந்தோம். அதைவிட மோசமான இடங்களிலும் தூங்கியிருக்கிறேன்.

ஒரு மதியம் டிராக்டர் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டிரைவர் தம்பிதான் பேச்சை எடுத்தான். டிராக்டர் ஓட்டுவது போக, போனில் வீடியோ எடுத்துப் போடுகிறவன். கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் அவன் வீடியோவைப் பார்க்க நிறையப் பேர்.

"அந்தப் படத்த இப்ப திரும்ப எடுத்தா யார் யாரப் போடலாம்?"

"இன்ஸ்பெக்டருக்கு இப்ப இருக்கற நடிகருங்க ஒருத்தனும் தேற மாட்டான்" என்றார் மேஸ்திரி. "எல்லாம் தாடி வச்சிக்கினு இருக்கானுங்க. போலீசுக்கு எங்கடா தாடி?"

"வக்கீலுக்கு அந்த சீரியல் மாமனாரப் போடு" என்றது ஒரு அக்கா. "பாத்தாலே வெளக்கமாத்தத் தேடத் தோணும்."

"ஜமீன்தாரு நான்தான்" என்றார் வெட்டுகிறவர்களில் வயதானவர். "பொணமாப் படுத்துக்கினு இருந்தா போதும். அந்த நேரத்துக்காவது சோகை அறுக்காது."

சிரித்து முடித்ததும் தம்பி சொன்னான், "அப்ப நடிகருங்க எதுக்கு? நம்பளே எடுக்கலாம். பங்களாவுக்குப் பதிலு கரும்புக் காடு. ஜமீன்தாருக்குப் பதிலு காட்டுக்காரரு. பதினஞ்சு நிமிசப் படம், போதும்."

மேஸ்திரி உடனே இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டார். அவர் மச்சான் காவல் வேலைக்குப் போனபோது போட்ட காக்கிச் சட்டை அவரிடம் இருந்தது. சட்டை யாரிடம் இருக்கிறதோ வேஷம் அவருக்கே என்பதை யாரும் மறுக்கவில்லை. அடுத்தது கொலைகாரன். எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது.

"மலைக்கார அண்ணன் இருக்காரே" என்றான் ஒருவன். "மேக்கப் செலவு மிச்சம்."

மலைக்கார அண்ணன் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிற ஊர்க்காரர். மழை இருக்கும்வரை சாமையும் மரவள்ளியும் பார்த்துவிட்டு, அது முடிந்ததும் கரும்பு வெட்டக் கீழே இறங்குவார். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். அன்றும் சாப்பிட்டு முடித்து, தூக்குச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துதான் வாயைத் திறந்தார்.

"நா இன்ஸ்பெக்டரா நடிக்கறேன்."

முதலில் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார்கள். "மலைலேந்து இன்ஸ்பெக்டரா?" என்றார் மேஸ்திரி. "யாருய்யா நம்புவான்?"

"என் பொண்ணு நம்புனா போதுங்க."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அவர் வெட்டிப் போடுவதை உரிப்பவள் நான். அப்போது சொல்லியிருந்தார். போன பருவத்தில் அவர் வேலை செய்த ஊரில் ஒரு தண்ணி மோட்டார் காணாமல் போனது. ஊருக்குப் புதிதாக வந்திருந்த மலைக்காரர் இவர் ஒருவர்தான். ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்ச் சுவரோரம் குத்தவைத்து உட்காரச் சொன்னார்கள். பிறகு மோட்டார் சொந்தக்காரரின் பங்காளி வீட்டிலேயே கிடைத்தது, இவரை அனுப்பிவிட்டார்கள். அதற்குள் அங்கே வந்துபோன யாரோ போனில் படம் எடுத்துவிட்டார். அந்தப் படம் போன் போனாக மலை ஏறி, வெள்ளிமலையில் விடுதியில் தங்கிப் படிக்கும் அவர் மகள் கண்ணிலும் பட்டது.

"அவ ஒண்ணும் கேக்கல தங்கச்சி" என்றார் என்னிடம். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பாக்கப் போனா, தலவலின்னு உள்ளயே இருந்துடறா. மோட்டாரு கெடச்சத ஒருத்தரும் போட்டோ எடுக்கல பாரு."

அதனால் அவருக்கு இன்னொரு படம் வேண்டும். முதல் படம் போன வழியாகவே அதுவும் போக வேண்டும். அதில் அவர் நிற்க வேண்டும்.

அந்தச் சட்டையை அவருக்கு வாங்கித் தருவது என்று அன்றே முடிவு செய்தேன். வேலை கேட்டு எத்தனையோ கதவு முன்னால் நின்றவள் நான். முதல் தடவை இல்லை என்று சொன்னால் பேசாமல் திரும்பிப் போகிற பழக்கம் எனக்குக் கிடையாது. டிரைவர் தம்பியை டீ குடிக்கும்போது கேட்டேன். கட்டு ஏற்றும்போது கேட்டேன். டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்துபோயும் கேட்டேன்.

"யக்கா, சட்ட மேஸ்திரிது. நான் இன்னா பண்றது?" என்றான் அவன். மேஸ்திரியிடம் போனால், "ஏம்மா, அவுரு கொலகாரனா நடிச்சா இன்னா தேஞ்சா பூடும்? நடிப்புதானே?" என்றார்.

"அப்ப நீங்க கொலகாரனா நடிங்களேன். நடிப்புதானே?"

"எனக்கு மருமவன் வந்திருக்கான்மா" என்று எழுந்து போய்விட்டார்.

கொலைகாரன் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவே இல்லை. ஒருவருக்குப் பையன் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் பால் சொசைட்டியில் தலைகாட்ட வேண்டியவர். விளையாட்டு என்று சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த முகத்தை வைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. அந்தக் காட்டில் வெட்டு முடிகிற நாளும் வந்துவிட்டது. மறுநாள் நைனார்பாளையம் பக்கம் போகிறோம். தம்பி அவசரப்பட்டான். கடைசிக் காட்சியை அன்றைக்கே எடுத்தாக வேண்டும்.

"நான் கொலகாரி" என்றேன்.

மேஸ்திரி திகைத்தார். "பொம்பளயா?"

"அருவா புடிக்கத் தெரியும். எனக்குச் சொந்த ஊருன்னு ஒண்ணு இல்ல. இந்த மொகத்த எடுத்துக்கினு எங்க வேணும்னாலும் பூடுவேன்."

கரும்புக் காட்டில் ஒரு முறை உண்டு. நாலு பக்கமும் வெட்டிக்கொண்டே வந்து நடுவில் ஒரு திட்டு மிஞ்சும்போது கையை நிறுத்திவிடுவோம். அதுவரை உள்ளே ஒதுங்கிய முயல், கீரி, பாம்பு எல்லாம் அந்தத் திட்டில்தான் இருக்கும். யாரும் உள்ளே நுழையக்கூடாது. ஒருவர் மூலையில் நின்று கையைத் தூக்குவார். தூக்கிய கை இறங்கும்வரை எவர் அரிவாளும் அசையாது. உள்ளே இருப்பது தானாக வெளியே போக வழி விட்டு நிற்போம். எங்கள் கோஷ்டியில் அந்த மூலை மலைக்கார அண்ணனுடையது. அவ்வளவு நேரம் பேசாமல் நிற்க அவரால்தான் முடியும்.

கொலைகாரி அந்தத் திட்டில் ஒளிந்திருக்கிறாள், இன்ஸ்பெக்டர் வந்து பிடிக்கிறார் என்பது காட்சி. நான் திட்டுக்குப் பின்பக்கம் நின்றேன். தம்பி போனைத் தூக்கினான். மலைக்கார அண்ணன் வழக்கப்படி மூலையில் கையைத் தூக்கினார். ஆனால் காக்கி போட்ட மேஸ்திரிக்கு அன்று வெட்டு முறை மறந்து, படம் மட்டும் ஞாபகம் இருந்தது. "எங்கடி ஒளிஞ்சிக்கினு இருக்க?" என்று கத்திக்கொண்டு நேராகக் கரும்புக்குள் நுழைந்தார்.

உள்ளே சரசரவென்று சத்தம். முதலில் ஒரு காட்டுப்பன்றி வெளியே வந்தது. அதற்கு எதிர்ப்பக்கமாக மேஸ்திரி வந்தார். பன்றி தன் வழியே ஓடிவிட்டது. மேஸ்திரிதான் வாய்க்காலில் விழுந்தார். தூக்கி உட்கார வைத்தபோது கணுக்கால் வீங்கியிருந்தது, வேட்டி பாதி வழியிலேயே நின்றுவிட்டிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, அத்த எடுத்துட்டியா?"

"முழுசா எடுத்துட்டேன்." தம்பி மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "இத்தப் போட்டாலே போதும் மேஸ்திரி. படமே வேணாம்."

மேஸ்திரியின் முகம் வெளுத்தது. "மருமவன் ஊருல எல்லாம் உன் வீடியோதான் பாக்கறானுங்கடா."

சட்டையைக் கேட்க இதுதான் சமயம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மலைக்கார அண்ணன் மூலையிலிருந்து வந்து தம்பியின் தோளில் கை வைத்தார்.

"அழிச்சிடுப்பா."

"அண்ணே, இது செம்மயா இருக்குது."

"அழிச்சிடு. விழுந்து கெடக்கற ஆளப் போட்டோ எடுத்து ஊருக்குக் காட்டக் கூடாது."

தம்பி அவரைப் பார்த்தான். பிறகு அழித்தான், அழித்ததைக் காட்டவும் செய்தான். மேஸ்திரி யாரையும் பார்க்காமல் ஒவ்வொரு பித்தானாகக் கழற்றினார். மோட்டார் தண்ணீரில் சேற்றை அலசி, பிழிந்து, ஈரத்தோடு நானே கொண்டுபோய் மலைக்கார அண்ணனிடம் நீட்டினேன். மேஸ்திரி அளவுச் சட்டையில் இவரைப்போல இரண்டு பேர் நுழையலாம்.

மறுபடி எடுத்தார்கள். அவர் மூலையில் நின்று கையைத் தூக்கினார். பழக்கத்தில் எல்லோரும் அப்படியே நின்றோம். வீடியோவில் அது பெரிய போலீஸ் படை அடங்கி நிற்பதுபோல் விழுந்தது. நான் அரிவாளோடு கரும்புக்குப் பின்னாலிருந்து வந்தேன். 'சட்டத்திடம் தப்ப முடியாது' என்பது தம்பி சொல்லிக்கொடுத்த வசனம். அண்ணன் அதைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே கையை இறக்கினார். நான் தலைகுனிந்து தரையில் குத்தவைக்கப் போனேன். பழைய படத்தில் பிடிபட்டவர் அப்படித்தான் சரிவார்.

"அருவாள மட்டும் கீழ வச்சிடும்மா" என்றார் அவர். "நீ உக்கார வேணாம். நின்னுக்கினே பேசலாம்."

தம்பி அதைப் படத்தில் அப்படியே வைத்துவிட்டான்.

வீடியோ வெளியான வாரத்தில் அவர் லீவு சொல்லிவிட்டு மலைக்குப் போனார். திரும்பி வந்ததும் வெட்ட ஆரம்பித்துவிட்டார். நான்தான் கேட்டேன்.

"சட்ட தொளதொளன்னு இருக்குதாம்" என்றார். "ஏன் ஈரமா இருக்குதுன்னு கேட்டா. வாய்க்கால்ல நனஞ்சத அப்டியே போட்டுக்கினேன்னு சொன்னேன். அப்புறம் அந்த ஸ்டேஷன் விசயத்தயும் கேட்டா. சொன்னேன். நெறைய நேரம் கேட்டுக்கினே இருந்தா." நாலு கரும்பு வெட்டிப் போட்ட பிறகு, "அடுத்த படத்துக்கு என் அளவுக்குச் சட்ட தைக்கணும்னு தம்பிகிட்ட சொல்லு" என்றார்.

பருவம் முடிந்ததும் நான் ஓசூருக்குக் கிளம்பினேன். ரோஜாத் தோட்டத்தில் ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சங்கராபுரம் போய் மாறிப் போவதற்காகப் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு தன் பையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் முகம் இவ்வளவு தூரம் வந்திருந்தால் மலைக்கார அண்ணன் முகமும் வந்திருக்கும். நான் நகராமல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.