இரண்டு ஜமீன்தார்கள் தேவை

நேற்றுக் காலை மச்சினன் போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். டைப் அடிக்கச் சோம்பல். பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதியில் பேசி அனுப்பியிருக்கிறான். "பாண்டிக்கு ஜமீன் கிடைத்துவிட்டது." பாண்டி ஏதோ வேலித் தகராறில் உள்ளே போயிருந்த எங்கள் சொந்தக்காரப் பையன். "எத்தனை ஏக்கராம்?" என்று கேட்டு என் மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

அந்தப் பிழையை அவன் போனுக்கு முன்பே செய்தவன் நான்.

அப்போது போடியில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். ஆபீஸ் மாடியில், கீழே ஏலக்காய் குடோன். மூட்டை பிரிக்கிற நாளில் நாங்கள் அடித்த பெட்டிஷனெல்லாம் பாயசம்போல மணக்கும். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மிதப்பு மட்டும் நிறைய. எழுத்துத் தெரிந்தவன் என்கிற மிதப்பு.

செல்வம் என்று ஒரு ஜீப் டிரைவர். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் மெட்டு மலைப்பாதை ஏறி இறங்குகிறவன். ஸ்டாண்டில் முறை மாறி ஆள் ஏற்றியதில் வாய்ச்சண்டை. செல்வம் ஜாக்கிக் கம்பியை ஓங்க, இன்னொரு டிரைவரின் கை முறிந்தது. ஒரு வாரம் உள்ளே இருந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜாமீன் உத்தரவு வந்தது. சொந்த நிலம் உள்ள இருவர் நிலவரி கட்டிய தீர்வை ரசீதோடு வந்து அன்றைக்கே கையெழுத்துப் போட்டால் சாயங்காலம் வெளியே வந்துவிடலாம். இல்லாவிட்டால் திங்கட்கிழமைதான்.

அவன் மனைவி முத்துலட்சுமி மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றாள். மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. லயத்து வரிசை வீட்டில் குடியிருப்பு. நிறைமாதம். வக்கீல் கோர்ட்டில் இருந்தார். என்ன வேண்டுமென்று ஒரு சீட்டில் அடித்துக் கொடுத்தேன். "இத யாருகிட்டயாவது காட்டி வெரசா கூட்டியாங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தேன்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, கோர்ட் மூடிய பிறகு வந்தாள். முகமெல்லாம் புழுதி.

"ரெண்டு ஜமீன்லயும் ஆளு இல்லண்ணே."

எனக்குப் புரியவில்லை. வியர்வையில் நைந்த சீட்டை நீட்டினாள். "இரண்டு ஜமீன்தார்கள் தேவை" என்று நான் அடித்திருந்தேன். ஜாமீன்தார்கள் என்று இருக்க வேண்டியது. ஒரு துணைக்கால் விழவில்லை.

டீக்கடையில் யாரோ அதை அப்படியே வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அவள் நேரே ஊரிலிருந்த பழைய ஜமீன் அரண்மனைப் பக்கம் போயிருக்கிறாள். அங்கே இருந்த பெரியவர் ஒருவர், "ஆத்தா, ஜமீனெல்லாம் ஒழிஞ்சு எம்புட்டு வருசமாச்சு? தேவாரத்துல இன்னொன்னு இருந்துச்சு, அங்க கேட்டுப் பாரு" என்றிருக்கிறார். உடனே பஸ் ஏறித் தேவாரம் போய், தெருத்தெருவாக விசாரித்து, திரும்பி வந்திருக்கிறாள்.

"டைப்பு மிசின்ல கால் எழுத்து ஒட்டிக்கிருதும்மா" என்றேன். பாதிதான் உண்மை. அது ஒட்டும் என்று தெரிந்தும் நான் திருப்பிப் படிக்கவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. "எழுத்து தெரிஞ்ச ஒங்களுக்கே தப்புனா, நாங்க என்னண்ணே செய்ய?" என்றவள், அப்படியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். வலி வந்துவிட்டது. குடோன் ஆட்கள் ஓடிவந்து ஜீப்பில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விடியும்போது பெண் குழந்தை. அப்பன்காரன் கிளைச்சிறையில்.

வக்கீலிடம் சொன்னேன். "ஒரு கால விட்டு ஒரு ஆள உள்ள ஒக்கார வச்சிட்டியேய்யா" என்றார். அதோடு சரி.

சனிக்கிழமை எங்கேயும் கால் நிலைகொள்ளவில்லை. நூலகத்தில் போய் அகராதியைப் புரட்டினேன், பழியை எந்த மொழியின் தலையிலாவது கட்டிவிடலாம் என்கிற நப்பாசைதான். ஜமீன், பாரசீகச் சொல், நிலம், பூமி. ஜாமீன், அரபியிலிருந்து வந்தது; பிணை நிற்பவர், பொறுப்பேற்பவர். பிறப்பில் ஒட்டுமில்லை உறவுமில்லை. பின்னால் வருகிற 'தார்' மட்டும் இரண்டுக்கும் பொது. ஆனால் கோர்ட்டில் மண் இல்லாதவனுக்குப் பிணை நிற்க மண் உள்ளவன்தான் வரவேண்டும். லயத்து ஆட்களில் எவரிடமும் ஒரு சென்ட் இல்லை. நான் சரியாக அடித்திருந்தாலும் அவளுக்கு ஆள் கிடைத்திருக்காது என்று மனசு ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தது. அது இருக்கலாம். ஆனால் தேவாரத்துக்குப் போயிருக்க மாட்டாளே.

அன்று மத்தியானமே பஸ் ஏறி எங்கள் ஊர் ராசிங்காபுரத்துக்குப் போனேன். அப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். எங்களுக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர். நடந்ததைச் சொன்னேன்.

"எவன்னே தெரியாதவனுக்கு நா ஜாமீன் நிக்கணுமாக்கும்? அவன் ஓடிட்டான்னா?"

"தப்பு என்னுதுப்பா."

"தப்பு ஒன்னுது, நெலம் என்னுதுல்ல?" என்றார். மண்வெட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

நான் அழுதுவிட்டேன். இருபத்திரண்டு வயசில் வாய்க்கால் வரப்பில் நின்று அழுவது அழகான காட்சி அல்ல. அப்பா அடுத்த பாத்திக்கு மடை மாற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எனக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். முத்துலட்சுமியிடம் ஊர் எது, புருசன் எப்படிப்பட்டவன் என்று கேட்டிருக்கிறார். "கோவக்காரரு, ஆனா சொன்ன சொல்லுக்கு நிப்பாரு" என்றாளாம். திங்கட்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, தீர்வை ரசீதை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு, என் தாய்மாமனையும் இழுத்துக்கொண்டு கோர்ட்டில் நின்றார். சாயங்காலம் வெளியே வந்த செல்வம் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மகளை மூன்றாம் நாள் பார்த்தான்.

வழக்கு இரண்டு வருசம் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல்நாள் அப்பாவுக்குச் சோறு இறங்காது. செல்வத்துக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வாய்தா அன்றைக்கு விடிந்ததும் எங்கள் தோட்டத்துச் சாலையில் ஜீப் வந்து நிற்கும். "இருக்கேன் பெரியவரே, ஓடிறல" என்று கத்துவான். அப்பா கிணற்று மேட்டிலிருந்து கையை மட்டும் ஆட்டுவார். ஒரு தடவையும் அவன் தவறவில்லை. கடைசியில் இருதரப்பும் சமாதானமாகி வழக்கு முடிந்தது. அவனும் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டான்.

அதற்கடுத்த மாதம் ஒருநாள் காலையில் அப்பா கிணற்று மேட்டில் சும்மா நின்றுகொண்டிருந்தார். "என்னப்பா பாக்குறீக?" என்றேன். "ஒன்னுமில்ல, வண்டி வருமேன்னு" என்றவர், சட்டென்று நினைவு வந்தவராக இறங்கிப் போனார்.

அப்பா போய்ப் பல வருசமாகிறது. வக்கீலும் இல்லை. நிலத்தைப் பங்காளிகள் சேர்ந்து விற்றோம். கிணற்றை மூடி, மனை பிரித்து, வரிசையாகக் கல் நட்டுவிட்டார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். அவர் நின்ற மேடு எந்தக் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் நடுவில் இருந்ததென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.