மாமாவின் பார்க்கும் அம்மாவின் தேசிக்காயும்

இங்கிலாந்தில் ஒரு அமெரிக்கக் கம்பனி பெரிய பொழுதுபோக்குப் பார்க் கட்டப் போகிறதாம். சினிமாவில் வருகிற கோட்டை, கொத்தளம், மிருகம் எல்லாம் அங்கே எழும்பப் போகிறதாம். செய்தியைக் கேட்டதும் மாமாவுக்குப் போன் எடுத்தேன்.

"இனி உங்கட பார்க்கின்ர கதி என்ன மாமா?"

"வரட்டும்," என்றார். அவ்வளவுதான். தேத்தண்ணி ஆறுது என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. சண்டைக் காலத்தில் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அப்பாவும் அம்மாவும் சுவிசுக்கு வந்து சேர்ந்தார்கள். மாமா இங்கிலாந்துக்குப் போனார். கூடப் போனவர்கள் லண்டன் கடைகளில் நிற்க, இவர் ஒரு கடற்கரைப் பட்டினத்துக்குப் போய் அங்கே இருந்த பார்க்கில் வேலைக்குச் சேர்ந்தார். ரோலர் கோஸ்டரில் சனத்தை ஏற்றி இறக்குகிற வேலை. பழைய பார்க். கடற்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும். மழை வந்தால் பாதி நிற்கும். வெயில் வந்தால் மற்றப் பாதி நிற்கும். இதை மாமாவே சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது மாமா, சுவிசில் வில் என்ற நகரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒக்டோபர் மாதம். எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. மாமாவின் பார்க்கும் சீசன் முடிந்து பூட்டியிருந்தது. அடுத்த வருடம் திறப்பார்களோ என்று ஒருவருக்கும் தெரியாது. முதலாளி நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்கப் பார்க்கிறார் என்று கதை. வசதியான சனம் பிளேன் ஏறிப் போய் அமெரிக்காவிலும் பாரிசிலும் பார்த்துவிட்டு வருகிறது, இந்தத் துருவைப் பார்க்க யார் வருவார்கள் என்று முதலாளியே சொன்னாராம்.

அம்மா விடவில்லை. ஒருவழி ரிக்கற்றில் தம்பியை வரவழைத்தார். அப்பா யன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை. அங்கே மேலாளரிடம் கதைத்து வைத்திருந்தார். அப்போது பிரித்தானியப் பாஸ்போர்ட் இருந்தால் இங்கே வேலை எடுப்பது லேசு. திங்கட்கிழமை மாமா போய் ஒரு நாள் 'ஷ்னுப்பர்ன்' செய்ய வேண்டும். ஆளுக்கு வேலை பிடிக்கிறதா, வேலைக்கு ஆளைப் பிடிக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்கிற நாள் அது.

மாமா என் அறையில் படுத்தார். நான் அம்மா அப்பாவின் அறையில் நிலத்தில் படுத்தேன். அவர் நின்றால் நான் காலம் முழுக்க நிலத்தில் படுக்கத் தயார். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மேல் இருந்து சாப்பிட்டதை நான் கண்டதில்லை.

சாப்பாட்டு மேசையில் அப்பா சீண்டத் தொடங்குவார்.

"என்ன மச்சான், உங்கட பார்க்கில ஓடுறது கூடவோ, நிக்கிறது கூடவோ?"

"நிக்கிறதுதான் அத்தான். ஓடேக்கை எங்களுக்கு என்ன வேலை? நிக்கேக்கைதான் வேலை."

"நிண்டதுக்கும் சம்பளமோ! குடுத்து வைச்சனீர்."

"உங்களுக்கு யன்னல் மட்டும்தான் அத்தான். எங்களுக்குக் கடலே இருக்கு."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவுக்கு இன்னொரு கரண்டி சோறு போடுவார்.

சனிக்கிழமை ஜெர்மன் பக்கம் உள்ள பெரிய பார்க்குக்குப் போவது என்று அப்பா முடிவெடுத்தார். "உண்மையான பார்க் எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காக் காட்டிவிடுறன். பிறகு அந்தத் துருவை நினைக்க மாட்டீர்," என்றார். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். அங்கே இருக்கிற பெரிய ரோலர் கோஸ்டரில் ஏற அந்த வருடம்தான் எனக்கு உயரம் காணும்.

வெள்ளிக்கிழமை அம்மா கோவிலுக்குப் போய் மாமாவின் பெயரில் அர்ச்சனை செய்தார். தம்பி இங்கேயே நிற்க வேண்டும் என்றுதான் வேண்டுதல். ஐயர் ஒரு தேசிக்காய் கொடுத்துவிட்டார். நல்ல மஞ்சள், உருண்டைக் காய்.

புதுக் கார் எடுத்தால் எங்கள் ஆட்கள் சில்லுக்கு முன்னால் தேசிக்காய் வைப்பார்கள். கார் அதை நசித்துக்கொண்டு போக வேண்டும். அதோடு கண்ணூறு கழிந்துவிடும். அம்மா அந்தத் தேசிக்காயைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். அப்பாவின் கார் பழையது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பார்க் பளபளவென்று இருந்தது. விழுகிற இலையை விழ விழப் பொறுக்க ஒரு ஆள் நின்றார். கழிப்பறையில்கூடப் பூ வைத்திருந்தார்கள். அப்பா எல்லாவற்றையும் தானே கட்டியது போலக் காட்டிக்கொண்டு நடந்தார். "பாத்தீரோ? பாத்தீரோ?" என்றார். மாமா, "நல்லா இருக்கு அத்தான்," என்றார். ஒவ்வொன்றுக்கும் அதையே சொன்னார். ஒரு இடத்தில் கம்பியைப் பிடித்துவிட்டுத் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. அதற்கும், "நல்லா இருக்கு," என்றார்.

மத்தியானம் கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்பிப் போய், காரின் பின்கதவைத் திறந்துவைத்து, அம்மாவின் மரக்கறிப் புரியாணியைச் சாப்பிட்டோம். பிறகு பெரிய ரோலர் கோஸ்டருக்கு வரிசையில் நின்றோம். இரண்டு மணித்தியாலம் இருக்கும். அம்மா ஏற மாட்டார். பைகளை வைத்துக்கொண்டு எங்களோடு மேடை வரைக்கும் வந்தார்.

முன்வரிசையில் நானும் மாமாவும். பின்னால் அப்பா. தோளுக்கு மேலால் இரும்பு வளையம் இறங்கி இறுக்கிக்கொண்டது. அந்த நேரம் அம்மா கிட்ட வந்தார். தேசிக்காயை எடுத்து எங்கள் இருவருக்கும் முன்னால் மூன்று தரம் சுற்றினார். பிறகு குனிந்து, முதல் சில்லுக்கு முன்னால், தண்டவாளத்தில், காருக்கு வைக்கிறது போலப் பக்குவமாக வைத்தார்.

மணி அடித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாம் நின்றது.

தொழில்நுட்பக் கோளாறு என்று ஒலிபெருக்கி ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் சொன்னது. வரிசையை மறித்துச் சங்கிலி பூட்டினார்கள். வேலையாட்கள் கண்ணாடி அறைக்குள் போய் நின்று போனில் கதைத்தார்கள். நாங்கள் கட்டிப்போட்டது போல இருந்தோம். பின்னால் வரிசையில் சனம் முணுமுணுத்தது. ஒரு சின்னப் பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கியது. சிலர் திரும்பிப் போக வெளிக்கிட்டார்கள்.

அதைக் கண்டதும் மாமா மாறிவிட்டார். கழுத்தை மட்டும்தான் அவரால் திருப்ப முடிந்தது. அந்தக் கழுத்தைத் திருப்பி, மேடை முழுக்கக் கேட்கிற மாதிரி இங்கிலீசில் கத்தினார். இடப்பக்கம் நிற்பவர்கள் 'ஹோ' சொல்ல வேண்டும், வலப்பக்கம் நிற்பவர்கள் 'ஹேய்' சொல்ல வேண்டும், எந்தப் பக்கம் சத்தம் குறைகிறதோ அந்தப் பக்கம்தான் ரோலர் கோஸ்டரைக் கையால் தள்ள வேண்டும் என்றார். யாரோ சிரித்தார்கள். ஒரு 'ஹோ' கேட்டது. மாமா, "இது காணாது, என்ர பாட்டியும் இதைவிடக் கத்துவா," என்றார். பிறகு பெரிய 'ஹோ'. பிறகு 'ஹேய்'. போக வெளிக்கிட்டவர்கள் திரும்பி வந்தார்கள். அழுத பிள்ளை தகப்பனின் தோளில் ஏறி நின்று 'ஹேய்' என்றது.

எனக்கு வெட்கம். அப்பா பின்னால் இருந்து, "மச்சான், வாயை மூடும். மானம் போகுது," என்றார்.

"வரிசை போகாமல் பாருங்கோ அத்தான். மானம் பிறகு வரும்," என்றார் மாமா.

ஒரு திருத்துனர் நீண்ட இடுக்கியோடு வந்தார். குனிந்து தேசிக்காயை எடுத்து உயர்த்திப் பிடித்து, இது யாருடையது என்று கேட்டார். அப்பா கீழே பார்த்தார்.

அம்மா கையை உயர்த்தினார். "என்ர," என்றார், தமிழில். பிறகு ஜெர்மனிலும் சொன்னார்.

ஏன் வைத்தீர்கள் என்று அவர் கேட்டார். ஒன்றும் நடக்காமல் இருக்க என்று அம்மா சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன். இங்கே ஒன்றும் நடக்காது, எல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும் என்றார் அவர். கோபப்படவில்லை. தேசிக்காயை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போக, அம்மா எங்களிடம் வந்தார்.

"இறங்குங்கோ. நசிபடாமல் எடுத்துப்போட்டாங்கள். இனி இதில போகக் கூடாது."

"உனக்கென்ன விசரோ?" என்றார் அப்பா. "பிள்ளை எவ்வளவு நேரம் நிண்டது!"

"நிண்டால் நிண்டதுதான். தம்பி, இறங்கு."

மாமா வேலையாளைக் கூப்பிட்டு வளையத்தைத் திறப்பித்து இறங்கினார். நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் இறங்க மாட்டன்."

"பிள்ளை, சொன்னதைக் கேள்."

"மாட்டன்."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். ரோலர் கோஸ்டர் வெளிக்கிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இருக்கை கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது. ஏறியது, விழுந்தது, சுழன்றது. முடிந்துவிட்டது. இவ்வளவுதானோ என்று இருந்தது.

திரும்பி வந்தபோது மாமா இன்னும் வரிசைக்கு முன்னால் நின்று சனத்தைக் கத்த வைத்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்த எங்களை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் மாமாவைத்தான் பார்த்தார்கள். சீருடை போட்ட ஒரு பெண் அவரிடம் வந்து, மரியாதையாகத்தான், இப்போது எல்லாம் ஓடுகிறது, இது தேவையில்லை என்றார். மாமா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

காருக்கு வந்ததும் அம்மா தேசிக்காயைக் காரின் முன் சில்லுக்கு வைத்தார். அப்பா அதை நசித்துக்கொண்டு காரை எடுத்தார். ரைன் ஆற்றைத் தாண்டினோம்.

"அப்ப திங்கள் விடிய என்னோட வெளிக்கிடும்," என்றார் அப்பா.

"நான் நாளைக்குப் போறன் அத்தான்."

அம்மா திரும்பிப் பார்த்தார். அப்பா வேகத்தைக் குறைத்தார்.

"எங்கை போறீர்? அது திறக்குமோ எண்டே தெரியாது!"

"பூட்டிக் கிடக்கேக்கைதான் பெயின்ற் அடிக்கலாம். அடிச்சு வைச்சால் திறக்கத்தானே வேணும்."

"இண்டைக்குப் பாத்தனீர்தானே? இதோட போட்டி போடப் போறீரோ, அந்தத் தகரத்தை வைச்சுக்கொண்டு?"

"பாத்தன். நல்லா இருக்கு. இஞ்சை வாற சனம் எங்கட்ட வராது. எங்கட்ட வாற சனத்துக்கு இஞ்சை வர ஏலாது. அதுகள் பஸ்ஸில வருங்கள், பிள்ளையளையும் சான்விச்சையும் காவிக்கொண்டு. மழையிலயும் வருங்கள். அதுகள் எங்கை போறது?"

"நீர் என்ன அதுகளுக்குத் தகப்பனோ?"

"இல்லை அத்தான். வேலைக்காரன்."

"ரெண்டு வருசத்தில பூட்டிப்போட்டு வந்து நிப்பீர், பாரும்."

"பூட்டினால் பூட்டட்டும். நான் விட்டுப்போட்டு வந்து பூட்டினதா இருக்கக் கூடாது."

மாமா எங்களோடு அவ்வளவு நீளமாகக் கதைத்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மாமாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நில்லுங்கோ மாமா. அறையை நீங்களே வைச்சிருங்கோ."

"மருமகள், அம்மா சொல்லியும் நீ இறங்கேல்லை," என்றார். "நான் மட்டும் என்ர பார்க்கை விட்டு இறங்குவனோ?"

ஞாயிற்றுக்கிழமை சூரிச் விமான நிலையத்தில் அப்பாதான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைசி வரை சண்டைதான். "போம், போய்த் துருவைச் சுரண்டும்," என்றார். மாமா உள்ளே போன பிறகும் அப்பா அசையவில்லை. அம்மாதான் இழுத்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை அப்பா வழமை போல வேலைக்குப் போனார். எங்கள் வாசல் கொளுக்கியில் தொழிற்சாலை வேலையாட்கள் போடுகிற புது நீல ஜாக்கெட் ஒன்று தொங்கியது. மாமாவுக்கென்று தொழிற்சாலையில் முன்னதாகவே கேட்டு வாங்கி வந்து காருக்குள் வைத்திருந்தாராம். அப்பாவுக்கு அது பெரிது. திருப்பிக் கொடுங்கோ என்று அம்மா சொல்ல, "கிடக்கட்டும்," என்றார். அது குளிர்காலம் முழுக்க அங்கேயே தொங்கியது. மாமா தோற்றுத் திரும்பி வருவார், வந்ததும் முகத்துக்கு நேரே நீட்டலாம் என்றுதான் அப்பா வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். மாமாவுக்காக எனக்குக் கோபம் வந்தது. வாசலால் போகிற வருகிற நேரமெல்லாம் அந்த ஜாக்கெட்டின் கையை ஒரு அடி அடித்துவிட்டுப் போவேன்.

ஈஸ்டருக்குப் பார்க் திறந்தது. மாமா போன் எடுத்தார். பின்னால் சனத்தின் கூச்சல் கேட்டது. அப்பா போனை வாங்கி, "என்ன மச்சான், துருவைப் பெயின்ற் மூடிச்சுதோ?" என்று கேட்டார். மாமா என்ன சொன்னாரோ, அப்பா நெடுநேரம் சிரித்தார். போனை வைத்த பிறகு கொளுக்கியில் இருந்து அந்த ஜாக்கெட்டை எடுத்து, மடித்து, கீழே நிலவறைக்குக் கொண்டுபோனார். வர வெகுநேரம் ஆனது.

மாமா வென்றுவிட்டார், அப்பாவுக்கு வெட்கம் என்று நான் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் அப்பாவைத் தவிர வேறு தமிழர் இல்லை. மத்தியான இடைவேளையில் அவர் யாரோடு இருந்து சாப்பிட்டார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.