அரைப்பேர்

பத்து வயதைத் தாண்டமாட்டாள் என்று டிஸ்பென்சரி ஐயா சொன்ன இருளாயி பத்தைத் தாண்டினாள். இருபது என்றார். இருபதும் போயிற்று, அவர்தான் பென்ஷனில் போனார். அதற்குப் பிறகு, சாகாதவளுக்கு என்ன நோய் என்று தோட்டம் முடிவு கட்டிவிட்டது.

இலங்கையில் பெல்மதுளைப் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். நாவற்பழம் தின்றவள்போல உதடு எப்போதும் நீலம். நாலு மரத்துக்கு ஒரு தடவை குந்திவிடுவாள். குந்தினால்தான் மூச்சு திரும்பும். பால் குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளம். தோட்டத்தில் அதற்கு அரைப்பேர் என்று பெயர். கன்னையா கங்காணி இருபது வருஷமாக அவளுக்கு அதைத்தான் போட்டார்.

"மரத்துக்கு மரம் சொகம் விசாரிக்கிறியா புள்ள?"

"ஆமாங்க. எங்கிட்டதான் யாரும் விசாரிக்கிறதில்ல."

2004இல் தோட்டத்தை நடத்தப் புதுத் துரை வந்தார். அரைப்பேர்க்காரர்களை நிறுத்தப்போவதாகவும், நோயென்றால் பெரிய டாக்டரின் கடிதம் வேண்டும் என்றும் சொன்னார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போகும். முப்பத்தெட்டு வயதுத் தனிக்கட்டை, அன்றைக்குத்தான் உண்மையில் பயந்தாள்.

கொழும்பு வரை சிங்களத்தில் சமாளித்துப் போனவளை, இருதய கிளினிக்கில் யாழ்ப்பாணத் தமிழ் காலை வாரியது. டாக்டர் மகாதேவி ஸ்கேன் படத்தை இரண்டு தடவை பார்த்தார். இரத்தத்தைத் தள்ள இரண்டு அறை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. ஆபரேஷன் இல்லாமல் இந்த வயது வரை வருவது அபூர்வம் என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"உங்கட முழுப்பேர் என்ன?"

இருளாயி தலை குனிந்தாள். "முழுப்பேரு எனக்குக் கெடச்சதே இல்லீங்க. என்னைக்கும் அரைப்பேருதான்."

டாக்டருக்கு விளங்கவில்லை. விளக்கியதும் சிரித்தார், பாதியிலேயே நிறுத்திக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

கடிதத்தைப் படித்த துரை அவளைப் பிள்ளைக் காம்பராவுக்கு மாற்றினார். தாய்மார் மலையில் வேலைக்கு நிற்கும்போது குழந்தைகளை உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் வேலை, முழுப்பேர். செய்தி சொல்ல மேட்டு லயத்துக்கு ஏறிவந்த கன்னையா மூச்சிரைத்துக் குந்தினார்.

"ஒங்களுக்கு இன்னைக்கு அரைப்பேருங்க கங்காணி."

அவர் சிரிக்கவில்லை. "டாக்டரு ஒனக்கு பாதி இதயம்னு எழுதியிருக்காங்களாம். இருவது வருசமா எனக்குத் தெரியாமப் போச்சே புள்ள."

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதுங்களா?" என்றாள் இருளாயி. "நானும் என்னைய சோம்பேறின்னுதான் நெனச்சிக்கிட்டிருந்தேன்."