நாற்பது நிமிஷம் கூட்டிச் சொன்னவர்

படகுத்துறையில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த அந்த மனிதர், தீவுகளில் ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஏழு தீவுகளும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தண்ணீர்தான் அவருக்கு ஆகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஆசையாகப் படகில் ஏறினார். கயிற்றை அவிழ்ப்பதற்குள் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆனால் வாயைத் திறந்தால் போதும், தகவல் கொட்டும். முதல் படகு ஏழு மணிக்கு, ஆறரைக்கே வந்து நில்லுங்கள், ஆள் சேர்ந்தால் எடுத்துவிடுவார்கள். அனுமதிச் சீட்டுக்கு அடையாள அட்டை நகல் இரண்டு வேண்டும். இரண்டாம் தீவைத் தாண்டினால் கார்டு செல்லாது, கையில் ரொக்கம் இருக்கட்டும். பவளப்பாறை காலைக் கிழித்துவிடும், பின்னால் வார் வைத்த செருப்பாகப் போடுங்கள். மூன்றாம் தீவில் துறையடிக் கடை வாசலை விட்டால் எங்கேயும் போன் எடுக்காது. வாந்திக்கு மாத்திரை, ஏறுவதற்கு அரைமணி முன்னால். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் அனுபவஸ்தராகச் சொல்வார்.

எல்லாரும் கேட்பது மணல்திட்டைப் பற்றித்தான். மூன்றாம் தீவுக்கும் நான்காம் தீவுக்கும் நடுவில், கடல் வற்றும்போது ஒரு திட்டு தலைகாட்டும். இருபது நிமிஷம் நடந்தால் அந்தக் கரை. கடல் முழுசாக வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்னால், ஒரு மணி பின்னால், அவ்வளவுதான் திட்டுக்கு ஆயுசு. அதற்குமேல் அங்கே நிற்கிறவன் நீந்தத்தான் வேண்டும்.

நேரம் பார்க்க, துறைமுக அலுவலகம் வருஷாவருஷம் ஒரு அட்டவணை அனுப்பும். இவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டுப் போனார்: அட்டவணை இந்தக் கரைக்கானது, தீவுக்கு நாற்பது நிமிஷம் கூட்டிச் சொல்ல வேண்டும். அதை இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கூட்டித்தான் சொல்வார். அட்டவணையை மாட்டும் சட்டம் தாளைவிட ஒரு விரல் அளவு சின்னது. அதனால் புதுத் தாள் வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து, அடியில் பொடி எழுத்து இருக்கும் பட்டையை நறுக்கி எறிந்துவிட்டு, சட்டத்துக்குள் கச்சிதமாகச் செருகுவார். அந்தக் கச்சிதத்தில் அவருக்கு ஒரு பெருமை வேறு.

வீட்டில் மனைவிக்கு இது தீராத குறை. ஊருக்கெல்லாம் வழி சொல்கிற மனுஷன் என்னை ஒருநாள் கூட்டிப்போனதுண்டா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் மகளோடு கிளம்பிவிட்டாள். முழங்கால் வலிக்காரி, நடை மெதுவாகத்தான் வரும். இவரே சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்தார். மணல்திட்டு: பத்து ஐம்பதிலிருந்து பன்னிரண்டு ஐம்பது வரை. அடியில் இரண்டு கோடு போட்டார்.

அவர்கள் போன அன்று பதினொன்றே முக்கால் இருக்கும். ஜன்னலில் ஒரு பெரியவர், கப்பல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவராம். திட்டு நேரம் கேட்டார், இவர் வழக்கம்போல நாற்பதைக் கூட்டிச் சொன்னார். போன மாதம் சட்டம் உடைந்துபோனதால், சீட்டுக் கொடுக்கும் பெண் இந்த வருஷத்துத் தாளை நறுக்காமல் முழுசாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தாள். பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"கூட்டிச் சொல்றீங்களே, தீவுகளுக்கான நேரம், எதையும் கூட்ட வேண்டாம்னு இதுலயே போட்டிருக்கே?"

இவர் எழுந்து வெளியே வந்து படித்தார். ஒரு தடவைக்கு மூன்று தடவை படித்தார். இருந்தது. அப்படியானால் இன்று திட்டு மூடுவது பன்னிரண்டு ஐம்பதுக்கு அல்ல, பன்னிரண்டு பத்துக்கு. அம்மாவும் மகளும் அவர் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதென்று அங்கே ஆற அமரப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது.

மகளின் போன் எடுக்கவில்லை. எடுக்காது என்று ஊருக்கே சொன்னவர் அவர்தானே. துறையடிக் கடைக்கு அடித்தார். கடைக்கார அம்மா எடுத்தாள். விசாரணை ஜன்னலிலிருந்து பேசுகிறேன் என்றதும் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"யாரு, நாப்பது நிமிஷமா?"

அவருக்குப் புரியவில்லை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். தீவில் அவருக்கு அதுதான் பெயராம். அட்டவணை தீவு நேரத்துக்கே மாறிப் பதினைந்து வருஷம் ஆகிறதாம். அவர் சொன்ன நேரத்தைக் கேட்டு வருகிறவர்களை மறித்து, சரியான நேரத்தைச் சொல்லி அனுப்புவது அவளுக்குத் தினப்படி வேலையாம். பெரிய மனுஷன், மனசு நோகுமே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லையாம். பதினைந்து வருஷம்! அத்தனை தாள்களின் அடியிலும் அந்த வரி இருந்திருக்கிறது. அத்தனையையும் அவர் கையாலேயே நறுக்கிக் குப்பையில் போட்டிருக்கிறார்.

முழங்கால் வலியோடு ஒரு அம்மாவும் மகளும் வந்தார்களா என்று எப்படியோ கேட்டார்.

"வந்தாங்க. பன்னெண்டுக்குள்ள திரும்பிடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் சொன்னா சொன்னதுதான்னு போய்ட்டாங்க." சிரிப்பு நின்றுபோயிற்று. "ஐயோ. உங்க வீட்டம்மாவா அவங்க?"

போனைக் கீழே போட்டுவிட்டு அவள் புருஷனைக் கத்திக் கூப்பிடுவது கேட்டது. படகு, கயிறு, ஓடு என்ற மூன்று வார்த்தைகள் காதில் விழுந்தன. பிறகு வெறும் காற்று.

அடுத்த ஒரு மணி நேரம் அவர் எப்படி இருந்தார் என்று சொல்ல அவராலேயே முடியாது. ஜன்னலில் ஆட்கள் வந்து எதையெதையோ கேட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். சீட்டுக் கொடுக்கும் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் கண் கடிகாரத்தில் இருந்தது. பன்னிரண்டு பத்து வந்தது, போயிற்று. ஊருக்கெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்த நேரம், இப்போது ஒரு நிமிஷம் நகர ஒரு யுகம் எடுத்தது. இத்தனை வருஷத்தில் கடைக்கார அம்மாவுக்கு ஒருநாள் காய்ச்சல் வந்து கடையைத் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு வந்தது. படகில் ஏறாமலே வாந்தி வந்தது.

ஒன்று ஐந்துக்கு போன் அடித்தது. மனைவி. மூச்சு வாங்கியது, பல் கிடுகிடுத்தது.

திட்டின் நடுவில் வரும்போது முழங்கால் பிடித்துக்கொண்டதாம். மகள் ஒரு தோளைத் தாங்கிக்கொண்டு நிற்க, தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் ஏறி இடுப்புக்கு வந்துவிட்டதாம். கடைக்காரர் படகோடு வந்து இரண்டு பேரையும் அள்ளிப் போட்டிருக்கிறார். செருப்பும் பையும் கடலோடு போய்விட்டன. ஆட்கள் முழுசாக இருக்கிறார்கள்.

"அந்தம்மா சொன்னாங்கங்க. நான்தான் கேக்கல. உங்களுக்குத் தெரியாததா இவங்களுக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு நெனச்சிட்டேன்."

தீவு முழுக்க அவரை நம்பாமல் பிழைத்துக்கொண்டது. நம்பியவள் அவள் ஒருத்திதான். அதை எப்படிச் சொல்வதென்று அவர் தடுமாறும்போதே, அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"தாளும் தண்ணியோட போயிடுச்சு. திரும்பி வர்ற படகு எத்தன மணிக்குங்க?"

மூன்றே கால். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவரும் பதில், நாக்கு நுனியில் இருந்தது. அவர் அதை விழுங்கினார்.

"அந்தம்மாகிட்ட கேளு," என்றார். "அவங்க சொல்றபடி செய்."