அடைக்கல மூலையில் ஒரு நீலக் கறை

பழைய பெட்டி மானிட்டரின் பொத்தானை அழுத்தியதும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். அடுத்த நொடியே கண்ணாடியில் படிந்திருந்த தூசி சூடேறி, லேசாகக் கருகிய வாடையொன்று மூக்கில் ஏறும். கையைக் கிட்டே கொண்டுபோனால் முன்னங்கை முடியெல்லாம் எழுந்து நிற்கும். அந்த வாடை வந்துவிட்டால் என் வலது கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். நான் ஆட்டுகிறேன் என்று சொல்ல முடியாது, அதுவாக ஆடும். சாப்பிடும்போது ஆடும், கோயிலில் பிரசங்கம் கேட்கும்போது ஆடும், பரீட்சை எழுதும்போது பெஞ்சில் இருக்கும் மற்ற இருவரின் கையெழுத்தும் கோணலாகும். "ஒக்கார்ற எடத்துல ஒனக்கு மட்டும் முள்ளு மொளச்சிருக்கா?" என்பாள் அம்மா. அவள் பள்ளி ஆசிரியை. நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குவாள், என் காலை மட்டும் அவளால் அடக்க முடியவில்லை. "காலாட்டுனா வூட்டுக்கு ஆகாதுடா" என்று சொல்லிச் சொல்லி அவளே ஓய்ந்துபோனாள்.

அம்மாவுக்கு மாற்றல் வந்ததால் வரதராசன்பேட்டையை விட்டுப் பெரம்பலூருக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் யூசுப். லப்பைக்குடிக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவான். என் கால் ஆடும் பெஞ்சில் யாரும் ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததில்லை, அவன் நான்கு வருடம் உட்கார்ந்தான். கேட்டதற்கு, "பஸ்ஸுல வர்ற மாதிரியே இருக்குடா, எனக்குப் பழகிருச்சு" என்றான்.

சனிக்கிழமை காலைகளில் நாங்கள் செல்வம் அண்ணனின் 'பிரவுசிங் சென்டரில்' இருப்போம். சென்டர் என்றால் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, ஒரே நீளப் பலகை, அதன்மேல் நான்கு கம்ப்யூட்டர்கள். நான்கையும் ஒரு வயரால் கோத்து, துப்பாக்கியால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் ஆட்டம் ஒன்றை அண்ணன் ஏற்றி வைத்திருந்தார். அதன் இங்கிலீஷ் பெயரை நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. எங்களுக்கு அது 'சுடுற கேமு'. அதில் வரும் பாழடைந்த தொழிற்சாலையில் உயரமாக ஒரு புகைபோக்கி நின்றதால், சர்க்கரை ஆலை இருக்கும் பக்கத்து ஊர் நினைப்பில் அந்த இடத்துக்கு 'எறையூர்' என்று பெயர் வைத்தோம். அதைத் தாண்டி எப்போதும் பனிமூட்டமாக இருக்கும் காட்டுக்கு 'முந்திரிக்காடு' என்று பெயர். "கீபோர்டு இட்லித்தட்டு இல்லடா, அந்தக் குத்து குத்தாத" என்று பின்னாலிருந்து அண்ணனின் குரல் மட்டும் அடிக்கடி வந்துகொண்டிருக்கும்.

எறையூரின் பின்பக்கச் சுவரோரம் ஒரு மூலை உண்டு. அங்கே ஓர் ஆள் உயரத்துக்கு நீலமாக ஒரு கறை தெரியும். அதன் உச்சியில், முகம் இருக்க வேண்டிய இடத்தில், நாலே நாலு கட்டம் சந்தன நிறத்தில் இருக்கும். முதல்முறை பார்த்தபோதே என் வலது கை சிலுவை போட நெற்றிக்குப் போய்விட்டது. "டேய், மாதாடா!" என்றேன். எங்கள் வீட்டில் ஏலாக்குறிச்சி மாதா படம் சமையலறையில்கூட உண்டு. "அடைக்கலம்னு போய் நின்னவங்கள மாதா கைவிட்டதில்ல" என்பது அம்மா வாயில் தினம் ஒருமுறையாவது வருகிற வாக்கியம். எங்கோ ஒரு நாட்டில் எவனோ வரைந்த தொழிற்சாலைச் சுவரில் மாதா எதற்கு வந்து நிற்கப்போகிறாள் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. யூசுப் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தான். பிறகு, "எங்களுக்கும் மர்யம் அம்மா இருக்காங்கடா. இங்க வேணாம், இங்க சுட வேணாம்" என்றான்.

அன்று பிறந்தது சட்டம். அந்த மூலைக்குப் போய் நின்று "அடைக்கலம்" என்று சொல்லிவிட்டால் யாரும் சுடக்கூடாது. தண்ணீர் குடிக்கப் போகிறவன், வீட்டிலிருந்து கூப்பிட ஆள் வந்தவன், வேறு ஏதாவது பேச வேண்டியவன் எல்லோரும் அங்கே போய் நிற்பார்கள். ஓரடி வெளியே வைத்தால் அவன் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை. மற்ற இரண்டு கம்ப்யூட்டர்களில் உட்கார வருகிறவர்களுக்கும் முதலில் இந்தச் சட்டத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவோம்.

இன்னொரு சங்கதியும் இருந்தது, அது எனக்கும் யூசுப்புக்கும் மட்டும் தெரிந்தது. என் கால் ஆடினால் அந்த நீளப் பலகை முழுக்க ஆடும். குறிபார்த்துச் சுடப்போகும் நொடியில் மட்டும் என் கால் நின்றுவிடும். முதலில் எனக்கே இது தெரியாது. அவன்தான் கண்டுபிடித்தான். பலகை நின்றதும் அவன் குனிந்துவிடுவான், என் குண்டு அவன் தலைக்கு மேலே போகும். நான் ஆறு மாதம் தோற்ற பிறகு ஒருநாள் அவனே சிரித்துக்கொண்டே உடைத்துச் சொன்னான்: "ஒங்காலு நின்னா நீ சுடப்போறேன்னு அர்த்தம். ஆடிக்கிட்டு இருந்தா எனக்குப் பயமில்ல."

ப்ளஸ் டூ முடிந்த கோடை அது. இருவரும் ஒரே கல்லூரிக்குப் போவதாகப் பேசி வைத்திருந்தோம். அவன் பள்ளியில் ஒரு வருடம் தாமதமாகச் சேர்ந்தவன், பதினெட்டு முடிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை, ஆட்டத்தின் நடுவில், அவன் நேராக மாதா மூலைக்குப் போய் நின்று "அடைக்கலம்" என்றான். என்னையும் அங்கே வரச் சொன்னான். போய் எதிரில் நின்றேன். பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான், என் முகத்தைப் பார்த்தே சொல்லியிருக்கலாம், ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அத்தா விசா அனுப்பிட்டாங்கடா. வர்ற வெள்ளிக்கெழம போறேன். மாமா கடையில வேல."

எனக்குக் கோபம் வந்தது. வளைகுடாவில் வேலை பார்த்த அவன் அப்பாமேல் இல்லை, விசாமேல் இல்லை, என்னைக் கேட்காமல் எல்லாம் முடிந்துவிட்டதே என்ற கோபம். என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அதை நிற்கவிடாமல் நானே, வேண்டுமென்றே ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே சுட்டேன்.

திரையில் அவன் மாதாவின் காலடியில் சரிந்து விழுந்தான். யூசுப் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். பலகையைத் தொட்டுப் பார்த்தான், அது அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். வியாழக்கிழமை மாலை, பயணம் சொல்ல அவனும் அவன் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். "வந்து நிக்கிறான்டா, எறங்கி வா" என்று அம்மா மூன்று முறை கூப்பிட்டாள். இறங்கவில்லை. கீழே கேட் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் எட்டிப் பார்த்தேன்.

இருபது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. நான் இப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். நின்றுகொண்டே பார்க்கிற வேலை. என் காலுக்கு ஏற்றதாகக் கடவுள் பார்த்துக் கொடுத்தது. பள்ளித் தோழர்களின் வாட்ஸப் குழுவில் யூசுப்பின் எண் இருந்தது. பெருநாளுக்கு நான் ஒரு பூ அனுப்புவேன், கிறிஸ்துமஸுக்கு அவன் ஒரு பூ அனுப்புவான். பூவுக்குக் கீழே ஒரு வரி எழுத எத்தனையோ முறை விரலை வைத்து, எழுதி, அழித்திருக்கிறேன்.

இந்த நிலையில்தான் அந்தப் பழைய ஆட்டத்தை 'எச்.டி.'யில் புதுசாக்கி விற்கிறார்கள் என்ற செய்தி வந்தது. ஆய்வகத்தில் இதைப் பற்றி ஒரு வழக்காடு மன்றமே நடந்தது. இளம் ஊழியர்களுக்குப் பழசின் அருமை தெரியவில்லை என்று நான் கத்தினேன். பழைய சோற்றுக்குப் புதுத் தட்டு எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். வாதத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, அதனால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. அன்று மாலையே வாங்கிவிட்டேன்.

வாங்கிப் பார்த்தால், எல்லாம் தெரிந்தது. அதுதான் சங்கடம். எறையூரின் ஒவ்வொரு செங்கல்லும், குழாயில் வழியும் துருவும், மழைத்தண்ணீரில் புகைபோக்கியின் நிழலும் தெரிந்தன. உள்ளே போகவே நாங்கள் நடுங்கிய முந்திரிக்காட்டுப் பனிமூட்டம் போயே போய்விட்டது. அந்தக் காலத்து மிஷினுக்குத் தூரத்தை வரைய வக்கில்லாமல் பனியைப் போட்டு மூடியிருக்கிறார்கள். பனிக்குப் பின்னால் பத்தடியில் ஒரு சுவர், அவ்வளவுதான். இதற்கா பயந்தோம் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் விரல்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை. எந்தத் திருப்பம் எங்கே என்று என்னைக் கேட்காமலே அவை என்னைப் பின்பக்கச் சுவருக்குக் கொண்டுபோய்விட்டன.

காலாண்டு விடுமுறையில் இருந்த மகள் ஜெனி அதே மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். "இங்க பாரு, மாதா" என்று அவளைக் கூப்பிட்டுவிட்டேன். எட்டிப் பார்த்தாள். "எங்கப்பா? அது தார்ப்பாய். ஆயில் டிரம்ம மூடி வச்சிருக்காங்க. மேல தெரியுறது டிரம்மோட மூடி" என்று சொல்லிவிட்டுப் படத்துக்குத் திரும்பிவிட்டாள். டிரம்மில் இருந்த எழுத்துகூடப் படிக்கும்படி இருந்தது. நான் ஒரு தார்ப்பாய்க்குச் சிலுவை போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் வைத்துத்தான் அவனைச் சுட்டிருக்கிறேன். தார்ப்பாய் என்று தெரிந்ததும் செய்த தப்பு கொஞ்சம் குறையும் என்று மனம் எதிர்பார்த்தது, குறையவில்லை.

அந்த மூலையைப் படம் பிடித்து யூசுப்புக்கு அனுப்பினேன். இந்த முறை பூ இல்லை. அரைமணி நேரம் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். பதில் வந்தது: "நானும் வாங்கிட்டேன். வெள்ளிக்கெழம லீவு. ஜும்மாவுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வரியா?"

வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டேன். காதில் ஹெட்செட், பதினொரு மணி. அவன் குரல் கனத்திருந்தது. "எப்படிடா இருக்க?" "இருக்கேன்டா. நீ?" "இருக்கேன்." பத்து நிமிடம் இருவரும் எறையூரைச் சுற்றி ஓடினோம். பிறகு நான் போய் அந்த மூலையில் நின்றேன். அவன் துப்பாக்கியோடு எதிரில் வந்து நின்றான்.

"அடைக்கலம் கேக்கல. சுட்டுடு. அன்னைக்கு நான் பண்ணுனதுக்குத்தான். மன்னிச்சிருடா" என்றேன்.

"ஏன்டா அப்படிச் சுட்ட?" என்றான்.

"நீ போறது எனக்குப் புடிக்கல."

"அத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லடா. போவாதன்னு ஒருத்தராவது சொல்லுவீங்களான்னுதான் அன்னைக்கு ஒங்க வூட்டு வாசல்ல வந்து நின்னேன்." பிறகு திரையில் அவன் உருவம் சுவர் பக்கம் திரும்பியது. "இது தார்ப்பாயாடா?"

"ஆமா."

"இருந்துட்டுப் போவட்டும். இங்க சுட மாட்டேன்."

அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை. ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறவனாக இருந்தால் என் கால் ஏன் இப்படி ஆடுகிறது. ஓரடி வெளியே வைத்தேன். அடுத்த நொடி சுட்டுவிட்டான். ஹெட்செட்டில் வெடித்த சிரிப்பு பத்தாம் வகுப்பில் கேட்ட அதே சிரிப்பு. "வெளிய காலு வச்சா உசுருக்கு யாரும் பொறுப்பில்ல, மறந்துட்டியா?"

இப்படிப் புதுசாக்குவது தேவைதானா என்று இப்போதும் ஆய்வகத்தில் கேட்கிறார்கள், நான் வாயைத் திறப்பதில்லை. செல்வம் அண்ணனின் மாடிப்படி அறையில் இன்று செல்போன் கவர் விற்கிறார்கள். பெட்டி மானிட்டர் போய்விட்டது, கருகிய தூசி வாடை போய்விட்டது, முந்திரிக்காட்டுப் பனியும் மாதாவும் போய்விட்டார்கள். செங்கல் செங்கல்லாக எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு அந்த நீளப் பலகையைக் கொடுக்கத் தெரியவில்லை. அவன் அங்கே ஒரு மேசையில், நான் இங்கே ஒரு மேசையில். என் கால் ஆடுவது அவனுக்கு எப்படித் தெரியும்?

அந்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் செத்து, மறுபடி உயிர்த்து எழுந்து வந்தபோது, அவன் எனக்கு முதுகைக் காட்டியபடி புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். என் குறி அவன் முதுகின் நடுவே இருந்தது. அப்போது ஜெனி பென்சிலைக் கீழே போட்டுவிட்டு, "அப்பா, காலாட்டாத, மேச ஆடுது!" என்று கத்தினாள். அவள் குரல் மைக்கில் போயிருக்க வேண்டும்.

"இன்னும் ஆடுதாடா?" என்றான் யூசுப். "அப்ப எனக்குப் பயமில்ல."

அவன் திரும்பவில்லை. நான் காலை நிறுத்தவில்லை.