பச்சை டேப் சுற்றிய கரண்டி

எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு சட்டியும் ஒரு கரண்டியும் மற்ற பாத்திரங்களோடு சேராமல் தனி அலமாரியில் இருக்கும். இரண்டின் கைப்பிடியிலும் அம்மா பச்சை டேப் சுற்றி வைத்திருந்தார். பன்றிக்கறி சமைக்கும் வீட்டில், மக்சிக்குக்கென்று ஒதுக்கிய பாத்திரங்கள் அவை.

மக்சிக் எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார முஸ்லிம் அம்மா; மக்சிக் என்றால் மலாயில் அத்தை மாதிரி. மலேசியாவின் கிள்ளானில், காப்பார் சாலையை ஒட்டிய எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. இங்கே அம்மா தாளித்தால் அங்கே மக்சிக் தும்முவார். மற்ற வீட்டு விசேஷங்களில் பாட்டில் தண்ணீரோடு எழுந்துவிடும் அவர், எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கோழிப் பிரட்டலை மட்டும் ஆசையாகச் சாப்பிடுவார். ஹலால் கடைக் கோழி, தனிச் சட்டி, தனிக் கரண்டி என்று அம்மா கொடுத்திருந்த வாக்குதான் அதற்குக் காரணம்.

எனக்கு ஒன்பது வயதான வருடம், சபைப் பாடகர் குழுவில் கிறிஸ்துமஸ் பாட்டின் ஒரு சரணத்தைத் தனியாகப் பாடும் வாய்ப்பு அம்மாவுக்கு வந்தது. பல வருடம் பின்வரிசையில் நின்றவருக்கு அதுதான் முதல் முறை. மூன்று வாரமாகத் துணி காயப்போடும்போதுகூட அதையே பாடிக்கொண்டிருந்ததில் எனக்கும் அப்பாவுக்கும் சரணம் மனப்பாடமாகிவிட்டது. கிறிஸ்துமஸ் காலையில் சேலை கட்டப் போனவர், "அடுப்பப் பாத்துக்கடி, அடி பிடிச்சிடப் போவுது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஓர் அடுப்பில் எங்களுக்குப் பன்றிக்கறி, இன்னோர் அடுப்பில் மக்சிக்கின் கோழி.

பொறுப்பு கொடுத்தால் எனக்குத் தலைகால் புரியாது. பன்றிக்கறியை நன்றாகக் கிண்டினேன். பக்கத்தில் கோழி அடி பிடிக்கிற வாசனை வந்தது. கையிலிருந்த கரண்டியாலேயே அதையும் இரண்டு கிண்டு கிண்டினேன். அப்புறம்தான் பச்சை டேப் கரண்டி தட்டில் சும்மா கிடப்பதைப் பார்த்தேன்.

இரண்டு கரண்டிகளையும் கழுவித் துடைத்து, அதனதன் இடத்தில் வைத்தேன். கோழியைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அம்மா வந்து கோழியைக் கிண்ணத்தில் போட்டு மூடி, என்னிடமே கொடுத்தனுப்பினார். மக்சிக் வாசல் கேட்டருகே காத்திருந்தார். இதற்காகவே காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தபடி கையை நீட்டினார். என்னால் கொடுக்க முடியவில்லை. கிண்ணத்தோடு வீட்டுக்கே ஓடி வந்துவிட்டேன்.

அழுதுகொண்டே சொன்னதில் அம்மாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.

"எந்தக் கரண்டிடி?" என்றார். காட்டினேன்.

"கழுவிட்டேன்மா. மக்சிக்குக்குத் தெரியவே தெரியாது."

"அவங்க நம்மள நம்பித்தானே சாப்பிடுறாங்க."

காதைத் திருகியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அம்மா திட்டக்கூட இல்லை.

அப்பா கார் சாவியோடு வந்து நின்றார். "சர்ச் முடிஞ்சி வந்து சொல்லிக்கலாம் லா. உன் பாட்டு இருக்கு."

"அவங்க பசியோட நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, பட்டுச்சேலையோடு அம்மா பக்கத்து வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

அம்மா மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். கரண்டி எப்படி மாறியது என்பதைத் தவிர. "நான்தான் மாத்திப் போட்டுட்டேன் அக்கா, மன்னிச்சிடுங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளையும் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். கிறிஸ்துமஸும் அதுவுமாக அம்மா பொய் சொல்கிறார்!

மக்சிக் அழுது வீங்கிய என் முகத்தைப் பார்த்தார். என் புதுக் கவுனில் தெறித்திருந்த குழம்புக் கறையைப் பார்த்தார். குனிந்து, தோளில் கிடந்த துண்டால் அந்தக் கறையைத் துடைத்துவிட்டார். பிறகு அம்மாவிடம், "அவசரத்துல கை மாறுறதுதான். எனக்கும் இப்படி ஆயிருக்கு" என்றார். "என்கிட்ட கோழி இருக்கு, சட்டி இருக்கு, இங்கயே வந்து சமை" என்று கேட்டைத் திறந்துவிட்டார். அம்மா பாட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

நானும் அப்பாவும் மட்டும் காரில் போனோம்.

"அம்மா வரலன்னு ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரா?"

"ஆண்டவருக்கு நம்ம தாமானுக்கு வழி தெரியும் லா" என்றார் அப்பா.

சரணத்தை வேறோர் ஆன்டி பாடினார். நன்றாகவே பாடினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அது என்னால் போன பாட்டு என்பதுகூட எனக்கு அன்று உறைக்கவில்லை. அம்மாவின் பொய்தான் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

ஜெபநேரத்தில் கண்ணை இறுக மூடி, அம்மாவை மன்னிக்கும்படி ஆண்டவரிடம் கேட்டேன். கறையைப் பார்த்த பிறகும் அம்மாவுக்கு ஒத்து ஊதிய மக்சிக்கையும் மன்னிக்கச் சொன்னேன். மனம் லேசாகிவிட்டது. எனக்கென்று கேட்க அன்று ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னேன்.